உங்க ஊர்ப் பாட்டு

உங்களிடம் ஒரு கேள்வி. யாரோ ஒருவர் உங்கள் எதிரே உட்கார்ந்துகொண்டு, ‘உங்க ஊர்ப் பாட்டு ஒண்ணு பாடுங்களேன்’ என்று கேட்டால் என்ன பாடுவீர்கள்?

சினிமாப் பாட்டு கூடாது. தேவாரம், திருப்புகழ், கீர்த்தனை கூடாது. பள்ளிக்கூடத்தில் வரிசையில் நிற்க வைத்துச் சொல்லிக்கொடுத்த தேசபக்திப் பாட்டும் செல்லாது. உங்கள் ஊரில், உங்கள் தெருவில், உங்களுக்குத் தெரிந்த யாரோ ஒருவர் வாயிலிருந்து நேராக உங்கள் காதுக்கு வந்து, அங்கேயே தங்கிவிட்ட பாட்டு. முழுசாக வேண்டாம், நாலு வரி போதும்.

யோசித்துக்கொண்டே இருங்கள். அதற்குள் எனக்கு நேர்ந்ததைச் சொல்லிவிடுகிறேன்.

2023 நவம்பர். ஒரு வேலையாக லண்டன் போயிருந்தேன். வேலை முடிந்து இரண்டு நாள் மிச்சம். இப்ஸ்விச்சில் மளிகைக் கடை வைத்திருக்கும் யாழ்ப்பாணத்து நண்பர், “லண்டனில கிடந்து என்ன செய்யப் போறீர்? இஞ்சால வாரும்” என்று கூப்பிட்டார். போனேன். சஃபோக் என்ற அந்த மாவட்டம் முழுக்க வயலும் வேலியும் மழையுமாக இருந்தது. சாயங்காலம் நாலு மணிக்கே இருட்டிவிட்டது. ‘சாப்பிட ஒரு இடம் இருக்கு’ என்று ஒரு கிராமத்துக்கு காரை விட்டார். அது ஒரு பப்.

பப் என்றதும் நம் சினிமாவில் வருகிற மாதிரி நீல விளக்கு, புகை, குட்டைப் பாவாடை என்று கற்பனைக் குதிரையைத் தட்டிவிடாதீர்கள். நம்ம ஊர் டீக்கடை பெஞ்சையும் பஞ்சாயத்துத் திண்ணையையும் சேர்த்து, நாலு பக்கமும் சுவர் வைத்து, டீக்குப் பதிலாக பீர் ஊற்றினால் அதுதான் இங்கிலாந்து கிராமத்து பப். தலை இடிக்கிற உத்தரம். மூலையில் கணப்பு. அதன் முன்னால் ஊரே தனக்குச் சொந்தம் என்பது போல ஒரு நாய்.

நாங்கள் சாப்பிட்டுக்கொண்டு இருக்கும்போது பெரிய மேஜையைச் சுற்றி ஒவ்வொருவராக வந்து உட்கார்ந்தார்கள். பத்துப் பன்னிரண்டு பேர். ஒருவர் கையில் வயலின். இன்னொருவர் மடியில் கான்செர்டினா. ஆர்மோனியத்தைச் சுருக்கி உள்ளங்கையில் கொடுத்த மாதிரி ஒரு பெட்டி. மற்றவர்கள் கையில் கிளாஸ் மட்டும். மைக் இல்லை. மேடை இல்லை. ‘அனைவருக்கும் வணக்கம்’ இல்லை. பேச்சு நடந்துகொண்டே இருக்கும்போது ஒரு பாட்டி கண்ணை மூடிக்கொண்டு பாட ஆரம்பித்துவிட்டார். கடலுக்குப் போய்த் திரும்பாத ஒருவனைப் பற்றிய பாட்டு என்று நண்பர் காதில் சொன்னார். திரும்பத் திரும்ப வருகிற ஒரு வரிக்கு எல்லோரும் சேர்ந்துகொண்டார்கள். பார்மன் கிளாஸைத் துடைத்துக்கொண்டே சேர்ந்துகொண்டார். நாய் மட்டும்தான் பாடவில்லை.

பாட்டு முடிந்தது. அடுத்து, இடது பக்கம் உட்கார்ந்திருந்தவர். அவர் முடித்ததும் அவருக்கு இடது பக்கம். ரிட்டயர்டு தபால்காரர், ஒரு நர்ஸ், டிராக்டர் ஓட்டுகிற பையன். வட்டமாக வந்துகொண்டே இருந்தது. குரல் நன்றாக இருக்கிறதா, சுருதி சேர்கிறதா என்று யாரும் பார்க்கவில்லை. டிராக்டர் பையனுக்கு நடுவில் வரி மறந்துபோக, மேஜை முழுக்கச் சேர்ந்து அவனைக் கரை சேர்த்தது.

அவர்களில் ஒரு பெரியவர் கையில் மட்டும் எலுமிச்சை ஜூஸ். “டாக்டர் பீரை நிறுத்தச் சொன்னதில் இருந்து இந்த பப்பில் நான் ஒரு பரையா” என்றார். எல்லோரும் சிரித்தார்கள். என் நண்பரும் நானும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டோம்.

விஷயம் தெரியாதவர்களுக்காக... ஒதுக்கி வைக்கப்பட்டவன் என்பதற்கு இங்கிலீஷில் சாதாரணமாகப் புழங்குகிற வார்த்தை அது. 17-ஆம் நூற்றாண்டிலேயே தமிழிலிருந்து கப்பல் ஏறிப் போனது. பறை என்ற கருவியில் இருந்து ஒரு சாதிக்குப் பெயர் வந்து, அந்தப் பெயர் உலகம் முழுக்க வசைச்சொல்லாக அலைகிறது. ஐயாயிரம் மைல் தாண்டி, மழைக்கு ஒதுங்கிய இடத்தில், எலுமிச்சை ஜூஸ் குடிக்கிற ஒரு வெள்ளைக்காரர் என் ஊரைக் கூப்பிட்டு என் பக்கத்தில் உட்கார வைத்துவிட்டார்.

வட்டம் எங்கள் பக்கம் திரும்பியது. நண்பர் தப்பித்துவிட்டார், தாலாட்டு ஒன்று வைத்திருந்தார். அவருடைய அம்மம்மா பாடியதாம். அடுத்து நான். “உங்க ஊர்ப் பாட்டு ஒன்று” என்று கேட்டார் அந்த ரிட்டயர்டு தபால்காரர்.

“வெக்கப்படாமல் ஒண்டு பாடும் ஐசே” என்று இடித்தார் நண்பர்.

வெட்கம் இல்லை. சரக்கு இல்லை. மண்டைக்குள் தேடுகிறேன், இளையராஜா வருகிறார். இன்னும் கீழே தோண்டுகிறேன், எம்.எஸ்.வி. வருகிறார். வேறு வழியில்லாமல் இளையராஜாவையே பாடினேன். எந்தப் பாட்டு என்று சொல்ல மாட்டேன். ராஜா ரசிகர்கள் வீடு தேடி வருவார்கள். ஆனால், மேஜை மொத்தமும் அந்த மெட்டைப் பிடித்துக்கொண்டு கூடவே முனகியது. கைதட்டினார்கள்.

“உங்கள் ஊரில் இதை யார் பாடுவார்கள்?” என்று தபால்காரர் கேட்டார்.

“ரேடியோ” என்றேன்.

பலத்த சிரிப்பு. நானும் சிரித்தேன். ஆனால், அன்று ராத்திரி நண்பர் வீட்டு சோபாவில் படுத்தபோது தூக்கம் வரவில்லை. எனக்கு ஒரு ஊர்ச் சத்தம் தெரியும். மிக நன்றாகத் தெரியும். அதை அந்த மேஜையில் எடுத்து வைக்க எனக்கு யோக்யதை இருக்கிறதா என்பதுதான் தெரியவில்லை.

இந்த இடத்தில் கொஞ்சம் வெள்ளைக்காரர் கதை. அதே சஃபோக்கில் பிளாக்ஸால் என்று ஒரு கிராமம். அங்கே இருக்கும் ‘ஷிப்’ என்ற பப், பாட்டுக்குப் பேர்போனது. 1950-களில் பி.பி.சி. ஆட்கள் வந்து ஒலிப்பதிவு செய்யும் அளவுக்கு. அந்த ஊரில் குடியிருந்த ஜார்ஜ் ஈவர்ட் இவான்ஸ் என்ற எழுத்தாளர், பக்கத்து வீட்டுக் கிழவர் கிழவிகளிடம் பேசிப் பேசியே 1956-ல் ஒரு புத்தகம் போட்டார். ‘வைக்கோல் அறுத்தவர்களைக் கேளுங்கள்’ என்பது தலைப்பு. தலைப்பே பாதி விஷயத்தைச் சொல்லிவிடுகிறது.

அதற்கும் முன்னால் 1903-ல் சிசில் ஷார்ப் என்ற சங்கீத வாத்தியார், சாமர்செட் பக்கம் ஒரு பாதிரியார் வீட்டுக்கு விருந்தாளியாகப் போனார். தோட்டத்தில் புல் வெட்டிக்கொண்டு இருந்த ஜான் இங்கிலாண்ட் என்ற தோட்டக்காரர் தன்பாட்டுக்குப் பாடிக்கொண்டு இருந்தார். ஷார்ப் உடனே நோட்டும் பென்சிலுமாக ஓடி அதை எழுதிக்கொண்டார். இங்கிலாந்தின் நாட்டுப்பாடல் சேகரிப்பில் பெரிய அலையைக் கிளப்பிவிட்டது அந்தப் பாட்டுதான். அன்று சாயங்காலமே அதற்கு பியானோ சேர்த்து, தேர்ந்த பாடகியை வைத்துப் பாடவும் வைத்தார். பாட்டுக்கு முதல்முறையாக விருந்து உடுப்பு மாட்டிவிட்டதாக யாரோ மெச்சினார்களாம். தோட்டக்காரருக்குப் பெருமைதான். ஆனால், அந்த உடுப்பு தன் பாட்டுக்குப் பொருந்துகிறதா என்று அவருக்குச் சந்தேகமாக இருந்ததாம். எனக்கு அந்தச் சந்தேகத்தை ரொம்பப் பிடிக்கும்.

நம்மிடமும் இந்த வேலை நடந்தது. பெர்ஸி மக்வீன் என்ற ஐ.சி.எஸ். அதிகாரி சேகரித்து வைத்த பாட்டுகளை கி.வா.ஜகந்நாதன் 1958-ல் ‘மலையருவி’ என்று புத்தகமாக்கினார். நா.வானமாமலை தன் பங்குக்கு ஊர் ஊராக அலைந்து தொகுத்தார். பாட்டு புத்தகத்துக்கு வந்துவிட்டது. பாடியவர் எங்கே உட்கார்ந்தார், கேட்டவர் எங்கே உட்கார்ந்தார் என்பதுதான் என் பிரச்னை.

இனி விருத்தாசலம்.

உங்களில் பலருக்கு அது ஒரு ஜங்ஷன். திருச்சி பக்கம் போகிற ரயிலில் பாதித் தூக்கத்தில் ஜன்னல் வழியாகப் பார்த்த மஞ்சள் போர்டு. பக்தர்களுக்கு விருத்தகிரீஸ்வரர் கோயில், மாசி மகம், மணிமுத்தாறு. விவசாயிகளுக்கு முந்திரியும் வேர்க்கடலையும். ‘வி.ஆர்.ஐ.’ என்று ஆரம்பிக்கிற ரகங்கள் எல்லாம் எங்கள் ஊர் ஆராய்ச்சிப் பண்ணையில் பிறந்தவை. அரசியல் ஆர்வலர்களுக்கு 2006-ல் விஜயகாந்த் ஜெயித்த தொகுதி.

எங்களுக்கு அது பீங்கான் ஊர். பக்கத்தில் நெய்வேலியில் பழுப்பு நிலக்கரியை எடுக்கத் தோண்டினால், அதற்கு மேலே நல்ல களிமண் கிடைக்கும். மண் இருந்தால் சூளை வரும். கொலு பொம்மை, ஊறுகாய் ஜாடி, உண்டியல் பன்றிக்குட்டி, கப்பு, அகல். உங்கள் வீட்டு மெயின் பாக்ஸில் வெள்ளையாக, வழவழவென்று ஃப்யூஸ் கேரியர் இருந்தால் ஒரு நமஸ்காரம் போடுங்கள். எங்கள் ஊர்ச் சூளையில் வெந்ததாக இருக்கலாம்.

இந்த ஊருக்கும் பாட்டுக்கும் பழைய சம்பந்தம் ஒன்று உண்டு. திருமுதுகுன்றம் என்பது இதன் பழைய பெயர். சுந்தரர் இங்கே பாடி, சிவபெருமானிடம் பன்னிரண்டாயிரம் பொன் வாங்கினார் என்பது புராணம். அதை மணிமுத்தாற்றில் போட்டுவிட்டு, திருவாரூர்க் குளத்தில் போய் எடுத்துக்கொண்டாராம். பி.காம். படித்தவன் என்பதால் எனக்கு இது உலகத்தின் முதல் டிமாண்ட் டிராஃப்ட்டாகத் தெரியும். ஆக, பாட்டுக்கு நல்ல கூலி கொடுத்த ஊர். ஒருவர் பாட்டுக்கு மட்டும்.

என் கிராமம் விருத்தாசலத்தில் இருந்து பத்து கிலோமீட்டர். எங்கள் வீட்டுக்கு மணியக்காரர் வீடு என்று பெயர். 1980-லேயே கர்ணம், மணியம் வேலைகளை அரசாங்கம் ஒழித்துவிட்டது. வேலை போனாலும் பெயர் போகவில்லை. 1990-ல் தாத்தா இறந்தார். எனக்கு ஒன்பது வயது.

நான் சொன்ன அந்த ஊர்ச் சத்தம், அன்றைக்குக் கேட்டது. காலனியில் இருந்து ஏழெட்டு பேர் மேளத்தோடு வந்தார்கள். வாசலுக்குள் இல்லை, தெருவுக்கு எதிர்ப்பக்கம், புளியமரத்தடியில். வைக்கோலைக் கொளுத்தி, பறையை அதன்மேல் காட்டிக் காட்டிச் சூடேற்றினார்கள். விரலால் சுண்டிப் பார்த்து, மறுபடி காட்டி, மறுபடி சுண்டி... சத்தம் ‘டொப்’பில் இருந்து ‘டங்’குக்கு மாறியதும் ஒரு பெரியவர் தலையசைத்தார். மெலிந்த மனிதர். இடுப்பில் துண்டு. இடது கையில் நீளமான மெல்லிய சிம்பு, வலது கையில் குட்டையான கனத்த குச்சி. அவர் ஆரம்பித்தார். சாயங்காலத்தில் இருந்து மறுநாள் மதியம் வரை. அவர் வாசிக்க வாசிக்க, அதுவரை கல்லாக உட்கார்ந்திருந்த என் பாட்டி ‘ஓ’வென்று அழுதாள். அழ வைத்தது அவர். அப்புறம் நடுராத்திரியில், அழுது ஓய்ந்தவர்களைத் தூங்கவிடாமல் வேறொரு அடி. விடிந்ததும் இன்னொன்று. பிணத்தைத் தூக்கும்போது வேறு. ஒரு வார்த்தைகூடப் பேசாமல், ஒரு குடும்பத்தின் துக்கத்தை ஒரு ஆள் ராத்திரி முழுக்க நடத்திக் கொண்டுபோனார். அதற்கு அப்புறம் எத்தனையோ சபாக்களில், பாஸ் வாங்கி முன்வரிசையில் உட்கார்ந்திருக்கிறேன். அப்படி ஒரு கச்சேரி கேட்கவில்லை.

அவர்களுக்கு டீ கொண்டுபோய் ஊற்றுகிற வேலை எனக்கு. எரவாணத்தில் செருகி வைத்திருக்கும் அலுமினிய டம்ளர்கள் பத்தவில்லை. அம்மா, உடைசல் அறையில் கிடந்த பீங்கான் கப்புகளை எடுத்துக் கொடுத்தாள். செராமிக்கில் இருந்து தாத்தா மலிவாக வாங்கிவந்த செகண்ட்ஸ். ஓரம் நெளிந்தது, கிளேஸ் விட்டுப்போனது. நான் தூக்குவாளியை உயரப் பிடித்து, கப்பு என் மேல் பட்டுவிடாமல் ஊற்றினேன். அப்படித்தான் ஊற்ற வேண்டும் என்று யாரும் எனக்குச் சொல்லித்தரவில்லை. பார்த்துப் பழகியதுதான். அந்தப் பெரியவருக்கு என் அப்பாவைவிட வயது ஜாஸ்தி. “இந்தா, புடி” என்றேன். அவர், “குடுங்க தம்பி” என்றார்.

காரியமெல்லாம் முடிந்து, அந்தக் கப்புகளைக் கழுவி உள்ளே எடுக்கவில்லை. குப்பைமேட்டில் போட்டுவிட்டார்கள்.

இப்போது தெரிகிறதா, அந்த பப்பில் நான் ஏன் இளையராஜாவிடம் அடைக்கலம் புகுந்தேன் என்று?

அடுத்த வருடம் மாசி மகத்துக்கு ஊருக்குப் போனேன். இந்த முறை ஒரு திட்டத்தோடு. அந்தப் பெரியவரைத் தேடிப் பிடிக்க வேண்டும், உட்கார வைத்து வாசிக்கச் சொல்லி, செல்போனில் பதிவுசெய்ய வேண்டும். ‘அழிந்துவரும் கலைகள்’ என்று நானே மூன்று கட்டுரைகள் எழுதியவன். நாலாவதுக்கு நல்ல சரக்கு என்றும் ஒரு மூலையில் நினைத்தேன் என்பதை ஒப்புக்கொள்கிறேன்.

ஊரில் இப்போது சாவுக்கு டிரம் செட் வருகிறது. கோயிலுக்குச் செண்டை மேளம். திருவிழா ராத்திரிக்கு ஆடல் பாடல். டீக்கடையில் விசாரித்தேன்.

“அவரா... அவரு போயிப் பன்னண்டு வருஷம் இருக்குமே! மவன் செராமிக்குல இருக்காப்ல.”

பீங்கான் தொழிற்பேட்டையில் ஒரு ஷெட். உள்ளே வரிசை வரிசையாக பிளாஸ்டர் ஆஃப் பாரிஸ் மோல்டுகள். கரைத்த மண்ணை அதில் ஊற்றுகிறார்கள். பிளாஸ்டர் தண்ணீரை உறிஞ்சிக்கொள்ள, ஓரத்தில் மண் தடித்து நிற்கிறது. மிச்சத்தைக் கவிழ்த்துவிட்டால் உள்ளே ஒரு ஜாடி. பெண்கள் அதன் பிசிறுகளைத் தேய்த்து எடுத்துக்கொண்டு இருந்தார்கள். கடைசியில், சூளையில் இருந்து வந்த சரக்கு அடுக்கி வைத்திருந்த இடத்தில், ஐம்பது வயதைத் தாண்டிய ஒருவர் முக்காலியில் உட்கார்ந்து, ஒவ்வொரு ஜாடியாக எடுத்துக் குச்சியால் தட்டிக்கொண்டு இருந்தார்.

‘டங்’. வலது பக்கம். ‘டங்’. வலது பக்கம். ‘டொப்’. இடது பக்கம்.

மேலே பார்த்தால் எல்லாம் ஒன்றுபோலத்தான் இருந்தன. உள்ளே மயிரிழை விரிசல் இருந்தால் சத்தம் செத்துப்போகும். கண்ணுக்குத் தெரியாது, காதுக்குத் தெரியும். ஆயிரத்து இருநூறு டிகிரி சூட்டில் வெந்து வந்ததை, ஒரு தட்டில் தீர்ப்பு சொல்லிவிடுகிறார்.

“யாரு சார் வேணும்?”

ஊர்ப் பெயர் சொன்னேன். மணியக்காரர் பேரன் என்றேன். சட்டென்று பாதி எழுந்தவர், என்ன நினைத்தாரோ, மறுபடி உட்கார்ந்துகொண்டார். எனக்கும் ஒரு முக்காலியைத் தள்ளிவிட்டார்.

“அண்ணே, உங்க அப்பாவைப் பத்திப் பேசலாம்னு வந்தேன்” என்றேன். அந்த ‘அண்ணே’ என் வாயில் புதுசாக இருந்தது. அவருக்கும் காதில் புதுசாக இருந்திருக்கும். ஒன்றும் சொல்லவில்லை.

நிறையப் பேசினார். அவருக்கும் மேளம் தெரியும். பன்னிரண்டு வயதில் இருந்து அப்பாவோடு போனவர். விட்டு இருபது வருடத்துக்கு மேலாகிறதாம்.

“சாவு எப்ப வரும்னு யாருக்கும் தெரியாது சார். ஆனா, எங்கப்பா எப்பவும் ரெடியா இருக்கணும். ராத்திரி ரெண்டு மணிக்கு ஆள் வரும், ‘கெழவி போயிட்டா, வாடா’ன்னு. ஜுரம்னு சொல்ல முடியாது. சொன்னா, மறுநாள் காட்டு வேலைக்குக் கூப்பிட மாட்டாங்க. ஒரு தடவை எங்க ஆயா செத்துக் கெடக்குறா வூட்டுல. அன்னிக்கே ஊர்ல ஒரு சாவு. ரெண்டையும் பாத்தாரு. இங்க அப்படியில்ல. எட்டு மணி நேரம். முடிஞ்சா வூட்டுக்குப் போயிடலாம். கூலியை எண்ணி கையில குடுப்பாங்க. தூக்கிப் போட மாட்டாங்க.”

நான் சஃபோக் கதையைச் சொன்னேன். ரசித்துக் கேட்டார். நாய் விஷயத்துக்குச் சிரித்தார். பிறகு கேட்டார்.

“பாடுனவங்களுக்கு என்னா குடுத்தாங்க?”

“ஒண்ணும் இல்லண்ணே. அவங்க பீருக்கு அவங்களே காசு குடுத்துக்கிட்டாங்க.”

“எல்லாருக்கும் ஒரே மாதிரி கிளாஸா?”

“ஒரே மாதிரிதான்.”

கொஞ்ச நேரம் ஜாடிகளைத் தட்டினார். டங். டங்.

அந்த எலுமிச்சை ஜூஸ் பெரியவர் சொன்ன வார்த்தையையும் சொன்னேன். சொல்லலாமா வேண்டாமா என்று தயங்கித்தான் சொன்னேன். குச்சியை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தார். “இங்கிலீஷ்லயும் நாங்கதானா?” என்று கேட்டுவிட்டுச் சிரித்தார். அந்தச் சிரிப்பில் என்னால் சேர்ந்துகொள்ள முடியவில்லை.

கடைசியில், வந்த காரியத்தைக் கேட்டேன். ஒரே ஒரு தடவை, அந்த ராத்திரி அவருடைய அப்பா அடித்ததை, வாசித்துக் காட்ட முடியுமா?

“உங்களையும் பாடச் சொன்னாங்கன்னு சொன்னீங்கள்ல?”

“ஆமா.”

“நீங்களும் பாடுனீங்க.”

“ஆமா.”

“எங்கப்பா அடிச்சாரே அன்னிக்கு... உங்க வூட்டுல யாராச்சும் அந்தக் குச்சிய வாங்கி ஒரு தட்டு தட்டுனீங்களா?”

கோபமாகக் கேட்கவில்லை. ஜாடி தட்டுகிற மாதிரிதான் கேட்டார். கேட்டுவிட்டு என் சத்தம் எப்படி வருகிறது என்று பார்த்தார்.

என் மூன்று கட்டுரைகளும் ஞாபகம் வந்தன. கலை அழிகிறதே என்று அதில் அழுதிருந்தேன். கலைஞன் பெற்றதும் அவனுக்குப் போனதும் என்னவென்று ஒரு பற்று வரவு போட்டிருந்தால் அப்படி எழுதியிருக்க மாட்டேன். இந்த நாட்டுக் கலை அழியக்கூடாது என்று மைக் பிடிக்கிற நம்மில் யாரும், நம் பிள்ளையைச் சாவு வீட்டுப் புளியமரத்தடிக்கு அனுப்பப் போவதில்லை. இதே கேள்வி 1990-களில் தலித் அமைப்புகளுக்குள்ளேயே பெரிய விவாதமாக நடந்திருக்கிறது. இழிவைச் சுமத்திய கருவி, தூக்கிப் போடு என்று ஒரு பக்கம். கருவி என்ன தப்பு செய்தது, சாவு வீட்டை விட்டு மேடைக்குக் கொண்டுவா என்று இன்னொரு பக்கம். இரண்டும் நடந்தன. திண்டுக்கல்லில் சக்தி கலைக்குழு பெண்களின் கையிலேயே பறையைக் கொடுத்தது. அலங்காநல்லூர் வேலு ஆசானுக்கு 2025-ல் பத்மஸ்ரீ. சந்தோஷம்தான். ஆனால், வேண்டாம் என்று கீழே வைத்தவரிடம் போய், எனக்காக ஒரு தடவை எடுங்கள் என்று கேட்க அதெல்லாம் எனக்கு லைசென்ஸ் ஆகாது.

“தப்பா கேட்டுட்டேண்ணே” என்றேன்.

“அதெல்லாம் ஒண்ணும் இல்ல” என்றார். பிறகு, “உங்க தாத்தா சாவுக்கு நானும் வந்திருந்தேன். உங்க வூட்டுல கப்புல டீ குடுத்தாங்க.”

எனக்கு உடம்பெல்லாம் காதானது.

“மூணாம் நாள் அதைக் குப்பையில போட்டிருந்தாங்க. அந்தக் கப்பு வார்த்ததே எங்க சித்திதான். இங்கதான் அப்ப வேலை பாத்துச்சு. ‘நம்ம கைச்சரக்கு, மண்ணுல கெடக்குதே’ன்னு நாலு பொறுக்கியாந்துடுச்சு. ஒண்ணு ரொம்ப நாள் வூட்டுல இருந்துச்சு. எங்கப்பா அதுலதான் டீ குடிப்பாரு.”

டீக்கடைப் பையன் கம்பிக் கூடையில் டீ கொண்டுவந்தான். ஆளுக்கு ஒரு கிளாஸ். எடுத்துக்கொண்டோம். நான் காசை எடுக்க, “இருங்க சார், எங்க எடத்துக்கு வந்திருக்கீங்க” என்று தடுத்துவிட்டார்.

அப்போது அவருடைய செல்போன் அடித்தது. வீடியோ கால். மகள். சென்னையில் பி.காம். இரண்டாம் வருடம் என்று பெருமையாகச் சொன்னார். காலேஜ் முடிந்து சாயங்காலங்களில் ஒரு குழுவில் சேர்ந்து பறை கற்றுக்கொள்கிறாளாம். அவர் சொல்லிக்கொடுக்கவில்லை, போகச் சொல்லவும் இல்லை, வேண்டாம் என்றும் சொல்லவில்லையாம். “அவ இஷ்டம்.”

“யப்பா, நேத்து அனுப்புனேனே, பாத்தியா?” என்றது போன்.

“பாத்தேன், பாத்தேன்.”

“எப்படி?”

“நல்லாத்தான் இருக்குது. திரும்புற எடத்துல ஒரு அடி கொறையுது.”

“எங்கப்பா கொறையுது? மாஸ்டர் கரெக்ட்டுனு சொன்னாரே!”

“மாஸ்டரு சொல்லுவாரு. இரு...”

அவர் எழுந்தார். இடது பக்கம் ஒதுக்கி வைத்திருந்த விரிசல் சரக்கில் இருந்து இரண்டு ஜாடிகளை எடுத்துச் சுண்டிப் பார்த்தார். இரண்டையும் வைத்துவிட்டார். வலது பக்கத்து நல்ல சரக்கில் பெரிதாக ஒன்றும், சின்னதாக ஒன்றும் எடுத்துப் பலகையில் கவிழ்த்தார். மோல்டு கட்டுகிற மூங்கில் சிம்பு ஒன்றை இடது கையில் எடுத்துக்கொண்டார். தட்டுகிற குச்சி வலது கையில். போனை எங்கே சாத்தி வைப்பது என்று சுற்றும்முற்றும் பார்த்தார். ஜாடிமேல் சாய்த்தால் சரிந்தது.

“சார், இத செத்தப் புடிச்சுக்கறீங்களா? ரெண்டு கையும் வேணும்.”

வாங்கிப் பிடித்துக்கொண்டேன். என் போன் என் பாக்கெட்டிலேயே இருந்தது. எடுக்க எனக்கு மூன்றாவது கை இல்லை.

முதலில் மெதுவாக, அவளுக்கு எண்ணிக் காட்டுகிற மாதிரி ஆரம்பித்தார். அப்புறம் எண்ணிக்கை போய்விட்டது. பிசிறு தேய்த்துக்கொண்டு இருந்த பெண்கள் நிறுத்திவிட்டுத் திரும்பினார்கள். ஒரு அம்மா மோல்டின் மேலேயே விரலால் தாளம் போட்டார். எனக்கு அந்தப் புளியமரமும், வைக்கோல் புகையும், பாட்டி ‘ஓ’வென்று அழுத நேரமும்...

“கைய ஆட்டாதீங்க சார்” என்றார் அவர், நிறுத்தாமலே. “அவளுக்குத் தெரிய மாட்டேங்குது.”